டேலண்டு வந்த ஆடி மாதம்

‘டேலண்டு’ என்ற சொல் எங்கள் தோட்டத்துக்குத் துரைசாணியின் காரில் ஏறித்தான் வந்தது. அதற்கு முன்னால் அப்படி ஒரு சாமான் எங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

என் வயதுக்காரர்களே, உடப்புசல்லாவை மலைத் தேயிலைத் தோட்டங்களின் ஆடிக் காற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் பறந்துவிடாமல் மேலே கல்லைத் தூக்கி வைப்போம். கல்லோடு சேர்ந்து தகரம் தாளம் போடும். அந்தக் காற்றில்தான் கொழுந்துக்கு ஒரு தனி வாசம் ஏறும். ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் தேயிலை வறுபடும் நேரத்தில் அந்த வாசம் பள்ளிக்கூடத்துக்குள்ளே வந்து, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிற எங்களுக்குக் கொட்டாவியையும் பசியையும் ஒன்றாகக் கொண்டுவரும். எனக்கு அப்போது பதினோரு வயது. அக்காவுக்கு என்னைவிட ஒன்றரை வயது அதிகம். ஆனாலும் இருவரும் ஒரே அறையில், ஒரே வாத்தியாரிடம்தான் படித்தோம். பள்ளிக்கூடத்தில் இருந்ததே ஒரு அறையும் ஒரு வாத்தியாரும்தான்.

வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டியில் ஒரு சிவப்பு மண் பொட்டுகூடப் படாமல் எங்கள் மலையில் நடக்கத் தெரிந்த ஒரே மனிதர். அவர் பேசுவது தமிழ்தான் என்று நம்புவதற்கே எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஒரு திங்கட்கிழமை, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பூப்போட்ட கவுன், கையில் ஒரு வாரில் கட்டிய குட்டை நாய். அவர் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“பிள்ளையள், கவனியுங்கோ. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டேலண்ட் கிடக்குதெண்டு அம்மா சொல்லுறா. வாற மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா வைப்பம். எல்லாரும் தங்கட தங்கட டேலண்டைக் காட்ட வேணும். நல்லாச் செய்யிற ஆளுக்குப் பரிசு.”

எனக்குப் பின்னால் இருந்தவன் மெதுவாகக் கேட்டான். “தேத்தண்டா? தேயிலைத் தண்டுதான் ஸ்டோருக்குப் பின்னால குமிஞ்சு கெடக்கே. அத எதுக்குக் காட்டணும்?”

வகுப்பு முழுவதும் சிரித்தது. வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டினார். பிறகு அவரே விளக்கினார். “தமிழில திறமை எண்டு சொல்லலாம். திறம் எண்ட சொல்லிலயிருந்து வந்தது. எங்கட ஊரில நல்ல மாம்பழத்தைத் திறம் பழம் எண்டுதான் சொல்லுவம்.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டு ஒரு தாளில் எழுதினார். அக்கா பெயருக்கு எதிரே பாட்டு. அதை அவர் கேட்கக்கூட இல்லை. அக்கா வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு பாடினால் பீலிக் கரையில் நிற்கும் சண்டைக்காரிகள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். தேத்தண்டு கேட்டவனுக்கு விலங்குச் சத்தம். பெரிய கிளாக்கரின் மகளுக்கு நடனம். என் முறை வந்தது.

“உனக்கு என்ன வரும்? பாட்டோ, ஆட்டமோ?”

“ஒண்ணும் வராதுங்க.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். என் சிலேட்டை அவர் வருடக்கணக்காகப் பார்த்தவர். எழுத்துகள் எனக்கு இடம் மாறித் தெரியும். கூட்டல் கணக்கில் மேலே இருக்க வேண்டிய எண் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். “சரி, நீ திரையை இழு” என்று எழுதிக்கொண்டார்.

நான் வராது என்று சொன்னது பொய். ஒன்று வந்துகொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அது என்னை விட்டுப் போயிருந்தது.

அதைச் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் தோட்டத்து அரிசி போடும் அறைக்கு அம்மா என்னைத்தான் கூட்டிப்போவாள். அங்கே ஒரு தட்டுத் தராசும் இரும்புப் படிக்கற்களும் இருந்தன. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஒரு றாத்தல், இரண்டு, நான்கு, ஏழு. கூட்டம் குறைகிற வரைக்கும் அந்தக் கற்களை எடுத்து அடுக்குவது என் விளையாட்டு. சில்லென்று இருக்கும், உள்ளங்கையில் துரு ஒட்டும், ரத்தம் மாதிரி வாசம் வரும். அப்படி அடுக்கி அடுக்கியே, எதைத் தூக்கினாலும் இது இத்தனை றாத்தல் என்று என் கைக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உப்புக் கரிக்கிறது என்று நாக்குக்கு எப்படித் தெரிகிறதோ, அப்படித்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் மலைக்குப் போய் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுப்பேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் பிரம்புக் கூடைகளோடு வரிசையில் நிற்பார்கள். மூன்று மரக்காலில் தொங்கும் முள் தராசில் ஒவ்வொரு கூடையாக மாட்டிக் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிச் சம்பளக் கணக்கில் பதிவார். அதற்கு முன்னாலேயே நான் கூடையை லேசாகத் தூக்கிப் பார்த்து, “இருபத்திரண்டு” என்பேன். முள் இருபத்திரண்டில் போய் நிற்கும். “ஏய் பாப்பா, எனக்கு எவ்வளவுன்னு சொல்லு” என்று ஆளுக்கு ஆள் கூப்பிடுவார்கள். அம்மா நின்று சிரிப்பாள்.

ஆனி பிறந்த பிறகு எல்லாம் பிசகியது. நான் இருபது என்றால் முள் பதினெட்டு என்றது. இருபத்து நான்கு என்றால் இருபத்திரண்டு என்றது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கூடையும். “பாப்பா கை தூங்கிப்போச்சுடி” என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு விலகிக்கொண்டேன். அன்றிலிருந்து கூடையைத் தொடுவதில்லை. தெரிந்த ஒரே காரியமும் போய்விட்டதே என்று ஒரு தடவை மட்டும் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்து அழுதேன்.

விழாப் பேச்சு லயத்துக்கு வந்ததும் எல்லோரும் அந்தச் சொல்லைப் பற்றியே பேசினார்கள். நான் போகிற இடமெல்லாம் அதற்கு அர்த்தம் கேட்டேன். இல்லாத சாமானின் பெயரையாவது சரியாகத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான்.

அம்மா கொழுந்துக் கறை படிந்த விரல்களை நீட்டிக் காட்டினாள். “அது கைவாகுடி. நான் பாத்தா பறிக்கிறேன்? மொகம் ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம், கை அதுபாட்டுக்குப் போகும்.”

அப்பா கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். “கெட்டிக்காரத்தனம்னு சொல்லு. கெட்டின்னா என்ன? கல்லு மாதிரி. மழையில கரையாது, வெயில்ல வெடிக்காது. மனுசனுக்குள்ள அப்படி ஒண்ணு இருந்தா அவன் கெட்டிக்காரன்.”

பாண் என்கிற ரொட்டிக் கூடையோடு வரும் சிங்களப் பாண்காரரிடமும் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, “நம்ம பாசையில ஹபன்கம” என்றார். அக்கா பீலிக் கரையில் பாடுவதைக் காட்டி, “அந்தா, ஹபன் கெல்லெக், கெட்டிக்காரப் பொண்ணு!” என்று கையைத் தட்டினார்.

கடைசியாக உபதேசியார். கீழ் லயத்தில் இருந்த நான்கு வேதக்காரக் குடும்பங்களுக்கு ஜெபம் நடத்த ஞாயிறுதோறும் குடையோடு நடந்து வருவார். அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதும் குடையை மடக்கிவிட்டு நின்றார்.

“அட, அது தாலந்தும்மா! எங்க வேதத்துல ஒரு கதை இருக்கு. ஒரு எசமான் ஊருக்குப் போறப்ப வேலைக்காரங்ககிட்ட தாலந்துகளக் குடுத்துட்டுப் போறாரு. ஒருத்தனுக்கு அஞ்சு, ஒருத்தனுக்கு ரெண்டு, ஒருத்தனுக்கு ஒண்ணு. தாலந்துன்னா வெள்ளியோட ஒரு பெரிய எடை. அதுக்கும் முந்தி, கிரேக்கு பாசையில தராசுக்கே அதுதான் பேராம். தராசுன்னாங்க, அப்புறம் அதுல நிறுக்கிற எடைன்னாங்க, அப்புறம் அந்த எடை வெள்ளின்னாங்க. இந்தக் கதையச் சொல்லிச் சொல்லி, கடவுள் மனுசனுக்குக் குடுத்துவிட்ட சாமர்த்தியத்துக்கே வெள்ளைக்காரன் அந்தப் பேர வச்சுட்டான்.”

நான் என் கையை நீட்டினேன். “எடையாங்க? எனக்கு எடை தெரியும்ங்க. இப்ப கை கெட்டுப்போச்சு.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுளுக்கு என்று நினைத்துக்கொண்டார். “ஜெபம் பண்ணு. எண்ணெயும் தேச்சுக்க. சரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வாரமே வாத்தியார் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா திரும்பி வந்து முற்றத்தில் உட்கார்ந்தபடி அம்மாவிடம் சொன்னார்.

“பெரியவளுக்கு மண்டை நல்லா இருக்காம். தையோட டவுன் பள்ளிக்கூடத்துல சேக்கச் சொல்றாரு. சின்னவளுக்குப் படிப்பு ஏறாதுன்னுட்டாரு.”

“அப்ப?”

“சித்திரையில பன்னெண்டு முடியுது. தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சிருவோம். புல்லு வெட்டப் போகட்டும்.”

அம்மா விறகை முறித்து அடுப்பில் வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை. படித்த வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். இன்று யோசித்தால் அதுதான் எனக்குத் துக்கம்.

ஆடிக் கடைசி ஞாயிறு மத்தியானம் விழா. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அப்பா முந்தின வாரம் சுண்ணாம்பு அடித்திருந்தார். ஸ்டோரில் கொழுந்து வாட்டப் போடுகிற சாக்குத் துணிகளைத் தைத்துத் திரை கட்டினோம். அதிலிருந்து காய்ந்த தேயிலை வாசம் வந்துகொண்டே இருந்தது. முன் வரிசையில் துரை, துரைசாணி, அவர்கள் நாய். அடுத்து பெரிய கிளாக்கர், மருந்து கொடுக்கிற ஐயா, கணக்கப்பிள்ளை. பின்னால் லயத்து ஜனம் முழுவதும், கைக்குழந்தைகளோடு. பாண்காரர்கூடக் கூடையை இறக்கிவிட்டு ஜன்னலில் தொங்கினார்.

அக்கா பாடினாள். என்ன பாட்டு என்பது எனக்கு நினைவில்லை. பாடி முடித்தபோது நான் திரையை இழுக்க மறந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்து விலங்குச் சத்தம். நரி, சேவல், பன்றி என்று வரிசையாக வந்து, கடைசியில் அவன் நாய் மாதிரி குரைத்தான். துரைசாணியின் நாய் எழுந்து நின்று பதில் குரைத்தது. இவன் விடவில்லை. அதுவும் விடவில்லை. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பெரிய கிளாக்கரின் மகள் நடனத்துக்கு நின்றபோது பாட்டுப் பெட்டி மக்கர் பண்ணியது. தட்டு ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே ஏதோ ‘டக்’ என்று அறுந்தது. அந்தப் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட்டது. வாத்தியார் வேர்த்துப்போய் நின்றார். ஜனம் சலசலக்க ஆரம்பித்தது. அப்போது அக்கா மறுபடியும் முன்னால் வந்தாள்.

“என் தங்கச்சி எடை சொல்லுவா! கையில தூக்கிப் பாத்தே சொல்லிருவா!”

நான் திரைக்குள் ஒளிந்துகொண்டேன். அவள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம்க்கா. எனக்குப் போயிருச்சு.”

“என்ன போயிருச்சு? அரிசி அறையில இன்னும் சரியாத்தானே சொல்ற? வா!”

அதை நான் யோசித்ததே இல்லை. அரிசி மூட்டையை இப்போதும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் மேடை நடுவில் நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் தன் ஆறு மாதப் பிள்ளையை நீட்டினாள். “இவனச் சொல்லு பாப்போம்!” வாங்கினேன். வெதுவெதுப்பாக இருந்தான், என் மூக்கைப் பிடித்தான். “பதினாலு றாத்தல்” என்றேன். மருந்து கொடுக்கிற ஐயா இருந்த இடத்திலிருந்தே, “சரி! வியாழக்கிழமைதான் நிறுத்தேன், பதினாலு!” என்று கத்தினார். விசில் பறந்தது. துரைசாணி எழுந்து வந்து நாயை என் கையில் கொடுத்தார். அது என் தாடையை நக்கியது. “பதினெட்டரை” என்றேன். வாத்தியார் அதை இங்கிலீஷில் சொல்ல, துரைசாணி வாயைப் பொத்திக்கொண்டார். மிருக வைத்தியர் சொன்னதும் அதேதானாம்.

இப்போது கணக்கப்பிள்ளைக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஆளை அனுப்பிக் கொழுந்துத் தராசைக் கொண்டுவரச் சொல்லி விட்டத்தில் மாட்டினார். ஒரு கூடை நிறையப் பூசணிக்காய் வைத்தார்கள். தூக்கிப் பார்த்தேன்.

“இருபத்தொண்ணு.”

கூடையை மாட்டினார்கள். முள் ஆடி ஆடிப் பத்தொன்பதில் நின்றது.

“ரெண்டு றாத்தல் பெசகிருச்சே பாப்பா” என்று கணக்கப்பிள்ளை சிரித்தார். கூட்டமும் ‘ச்சு’ கொட்டியது. வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, போதும் இறங்கு என்று சைகை காட்டினார்.

நான் இறங்கவில்லை. அதே இரண்டு றாத்தல். பிள்ளையில் பிசகவில்லை, நாயில் பிசகவில்லை, அரிசியில் பிசகவில்லை. இந்த முள்ளில் மட்டும்தான், எப்போதும் இரண்டு.

“என் கை சரிதாங்க” என்றேன். குரல் கிறீச்சிட்டது. “தராசுதான் பொய் சொல்லுது.”

கணக்கப்பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்றது. “என்னடி சொன்ன?”

அப்பா பின்னால் எழுந்து நிற்பது தெரிந்தது. என்னை அடக்கத்தான் எழுந்தாரோ, எனக்காகத்தான் எழுந்தாரோ. துரை வாத்தியாரைப் பார்த்து, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டார். வாத்தியார் ஒரு கணம் கணக்கப்பிள்ளையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் சமாளிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார்.

துரை ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார். இருபத்தெட்டு றாத்தல் இரும்புக் கல் ஒன்றை ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லின் மேலேயே எண் வார்த்திருந்தது. அதை மாட்டினார்கள். முள் ஏறியது, நடுங்கியது, நின்றது.

இருபத்தாறு.

முதலில் கத்தியது யார் என்று தெரியாது. பெண்கள் பக்கம்தான். “ரெண்டு மாசமாடி! கூடைக்கு ரெண்டு றாத்தல்!” என்று ஒருத்தி எழுந்தாள். பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஆனி மழையில் தராசு ஒரு தடவை கீழே விழுந்தது, முள் அப்போது வளைந்திருக்கும் என்று கணக்கப்பிள்ளை முனகினார். இருக்கலாம். துரை சிவந்த முகத்தோடு எழுந்து, நாளைக்கே வேறு தராசு வரும் என்றும், விட்டுப்போன எடையைச் சேர்த்து எழுதவேண்டும் என்றும் சொன்னார். வாத்தியார் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கூரைத் தகரம் அதிர்ந்தது. அன்று அதிர வைத்தது காற்று அல்ல. என்னை யாரோ தூக்கினார்கள். கை மாறி, தோள் மாறி, வாசல் வரைக்கும் போனேன். அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பரிசு அக்காவுக்குத்தான். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்தப் பாட்டுக்குக் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது? மூடியில் ஒரு கப்பல் வரைந்த தகரப் பெட்டி, உள்ளே பன்னிரண்டு கலர் பென்சில். ஆளுக்கு ஆறு என்று பிரித்துக்கொண்டோம். பல வருடம் கழித்து வீடு மாறும்போது பெட்டி தொலைந்துவிட்டது. அந்தக் கப்பலின் புகை எந்தப் பக்கம் போனது என்று நானும் அக்காவும் இப்போதும் சண்டை போடுவோம்.

மறுநாள் மாலை, வெயில் சாய்கிற நேரத்தில், லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து கத்தினார்கள். “வாத்தியார் வர்றாரு! வாத்தியார் லயத்துக்கு வர்றாரு!”

அவர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தார். அப்பா பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டால் வாசல் பலகையைத் துடைத்தார். வாத்தியார் உட்காராமல் நின்றே பேசினார்.

“இவளைப் பற்றி உங்களிட்ட ஒண்டு சொன்னனான். அதைப் பிழையாச் சொல்லிப்போட்டன். தலையில கணக்கு இல்லாத பிள்ளை இப்பிடி எடை சொல்லேலாது. சிலேட்டிலதான் அவளுக்கு வரேல்லை. நான் சிலேட்டை மட்டும்தான் பாத்தனான்.” என்னைப் பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். “பேர் பதிய வேண்டாம். ரெண்டு பிள்ளையளையும் டவுனுக்கு அனுப்புங்கோ. நான் கடிதம் தாறன்.”

படித்த மனிதர் ஒருவர் தன் வாசலில் நின்று தவறு என்று சொல்வதை அப்பா அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “சரிங்க, சரிங்க” என்று துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

உள்ளே அம்மா தேத்தண்ணி ஊற்றிவிட்டாள். ஊற்றிய பிறகுதான் அவளுக்குத் தயக்கம் வந்தது. வாத்தியார் எங்கள் தோட்டத்துக்கு வந்து நான்கு வருடம். லயத்தில் எந்த வீட்டிலும் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்? அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். நீட்டவும் முடியவில்லை, உள்ளே கொண்டுபோகவும் முடியவில்லை.

வாத்தியார் அவளைப் பார்த்தார். பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

ஊதி ஊதிக் குடித்தார். சீனி இல்லை. ஒரு துண்டு கருப்பட்டி மட்டும் கையில் கொடுத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள், எதிர் லயத்துக்காரர்கள், எல்லோரும். முடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கப் போனவர், வைக்காமல் அம்மாவிடமே திருப்பி நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் கிடக்கோ?” என்றார்.